கீரிப்பாறையில் மழை, மருந்துவாழ் மலையில் வெயில்!

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் கடலைத்தான் பார்க்கிறார்கள். சூரியன் உதிப்பதைப் பார்த்து, மறைவதைப் பார்த்து, நடுவில் ஒரு சங்கு மாலை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு மலைத் தொடர் நிற்பதை எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? குஜராத் எல்லையருகே புறப்பட்டுச் சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்து வந்த மேற்குத் தொடர்ச்சி மலை, கடலைக் கண்டதும் 'அப்பாடா!' என்று கால் நீட்டிப் படுத்திருப்பது இங்கேதான்.

அந்த மலையின் ஈரப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கீரிப்பாறைக்குப் போங்கள். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகப் பாதை. வயல் முடிந்து வாழை, வாழை முடிந்து தென்னை, பிறகு எங்கு பார்த்தாலும் ரப்பர் மரங்கள். 1984-ல் ஏற்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இங்கே இருக்கின்றன. விடியுமுன்பே பால் வெட்டும் ஜனங்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பது, மின்மினிகள் வரிசை வைத்துப் போவது போல் இருக்கும். சற்றுத் தள்ளிக் காளிகேசம். பாறைகளுக்கு இடையே சலசலத்து ஓடும் அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் மண்டை வரை ஜில்லென்கிறது. காலை எடுத்துப் பார்த்தால் அட்டை! நம்முடன் வந்த படக்கார நண்பர் அன்று மூன்று அட்டைகளுக்கு அன்னதானம் செய்தார்.

இவ்வளவு பச்சையைப் பார்த்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. "இந்த மலை உச்சிக்கு ஏறினால் என்ன?" என்றார்.

நினைத்தபோது ஏறக்கூடிய மலையல்ல அது. சுற்றியுள்ள காடுகள் 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதிச் சீட்டு என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுளிக்கிறது. ஆனால் 2018 மார்ச் 11-ந் தேதியை நினைத்துப் பாருங்கள். தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பிடித்த காட்டுத் தீ, மலையேறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்களை நடுச் சரிவில் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டு போனார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளை வகுத்து, வழிகாட்டிகளோடு அழைத்துப் போகும் திட்டமும் வந்தது.

"அப்படியானால் நாளைக்கே ஏறக்கூடிய மலை எது?" என்று நண்பர் விடவில்லை. நாங்கள் மருந்துவாழ் மலைக்குப் போனது இப்படித்தான்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பொற்றையடி. அங்கே, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்ணெதிரில் நிற்கிறது மலை. கீரிப்பாறையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணால் பார்த்தால் நம்ப முடியாது. ஒரே மலைத் தொடர், ஒரே மாவட்டம், அங்கே அட்டை, இங்கே கள்ளி! மொட்டைப் பாறை, சூரை முள், உடை மரம், வெந்த மண்.

காரணம் காற்றுத்தான். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்று, கீரிப்பாறைக்குப் பின்னாலுள்ள உயர்ந்த மலைச் சுவரில் முட்டி மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் மழை. தெற்கே வரவரச் சுவர் குட்டையாகிறது, அங்கங்கே இடிந்தும் போகிறது. முட்டுவதற்குச் சுவர் இல்லாத காற்று, சுமையை இறக்காமலே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஓடிவிடுகிறது. முப்பந்தலில் காற்றாடிகள் கூட்டங்கூட்டமாய்ச் சுழல்வது அந்த ஓட்டத்தில்தான். மருந்துவாழ் மலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அப்போது பச்சை பூசிக்கொள்ளும். மாசி பிறந்தால் பழையபடி பாறைதான்.

நாஞ்சில் நாட்டில் பாலைவனம் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வருவார்கள். ஆனால் பாலை என்பது தனியொரு நிலமல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பை இழந்தால் அதுவே பாலையாகும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காக உருப் போட்டவன் நான். மாசி மாத வெயிலில் மருந்துவாழ் மலையில் ஏறியபோதுதான் அதன் அர்த்தம் உள்ளங்காலில் சுட்டது.

வழி காட்ட ஒரு பெரியவர் வந்தார். பல வருஷம் பனை ஏறியவர். எழுபதுக்கு மேல் வயது. உடம்பில் சதை என்று கால் கிலோ இருந்தால் அதிகம். இந்தப் பக்கத்தில் தாத்தாவைப் 'பாட்டா' என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். காலை ஐந்தரை மணிக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளம் எவ்வளவு இருக்கு?" என்பது.

நண்பர் திகைத்து வானத்தைப் பார்த்தார். குமரி மாவட்டத்தில் குடிக்கிற தண்ணீருக்கே 'வெள்ளம்' என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது.

"ஆளுக்கு ரெண்டு குப்பியா? கொறவு. இன்னும் ஒண்ணு எடுங்க. மேலே போனா காசு குடுத்தாலும் கிட்டாது" என்றார் பாட்டா. கருப்பட்டியும் ஒரு பொட்டணம் உப்பும் தம் மடியில் முடிந்துகொண்டார்.

இருட்டோடு புறப்பட்டதற்கும் காரணம் உண்டு. உலகமெங்கும் வறண்ட மலைகளில் ஏறுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். சினாய் பாலைவனத்தில் 2,285 மீட்டர் உயரமுள்ள ஜபல் மூசாவுக்குப் போகும் யாத்திரிகர்கள், நடு நிசிக்குப் பிறகு விளக்கோடு ஏறத் தொடங்கி, சூரியோதயத்தை உச்சியில் பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் இறங்கிவிடுகிறார்கள்.

அடிவாரத்தில் பரமார்த்தலிங்க சுவாமி கோயில். முதலில் படிகள். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு துண்டு இங்கே விழுந்தது என்பது ஐதிகம். மூலிகைகள் நிறைந்த மலை என்ற பெயரும் அதனால்தான். "மருந்து இப்பவும் இருக்கு தம்பி. எது மருந்துன்னு தெரிஞ்ச ஆளுதான் இல்ல" என்றார் பாட்டா. தெரியாத கை எதையும் பிடுங்காமல் இருப்பது நல்லது.

படி முடிந்ததும் மலை தன் சுயரூபத்தைக் காட்டியது. இனிமேல் நடையல்ல, ஏறல். கைக்கும் வேலை வந்தது. நண்பர் பாறையைக் கண்டதும் மார்போடு அணைத்துக்கொண்டார். பாட்டா சிரித்தார்.

"பாறையைக் கெட்டிப் பிடிக்கப்புடாது. ஒடம்பு சாஞ்சா கால் வழுக்கும். காலுக்கு மேல நேரா நில்லுங்க. ரெண்டு காலு, ஒரு கை, மூணும் ஒறச்ச பெறவு நாலாவதை நகத்துங்க. பனையிலயும் இதான், பாறையிலயும் இதான்."

ஆல்ப்ஸ் மலையில் ஏறுகிறவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற பாடமும் இதுவேதான்!

வழியில் பிள்ளைத்தடம் என்ற குகை. குனிந்து, தவழ்ந்து உள்ளே போக வேண்டும். சமூகச் சீர்திருத்தத்துக்காகக் கேரளம் கொண்டாடும் ஸ்ரீ நாராயண குரு (1856-1928) தம் இளமையில் இங்கே தவமிருந்தார். அருவிப்புறத்தில் 1888-ல் அவர் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தது அதற்குப் பிறகு. உள்ளே உட்கார்ந்தால் காற்றின் ஓசை மட்டும் கேட்கிறது. எவ்வளவு பேசுகிறவரும் அங்கே வாய் திறக்க மாட்டார். நண்பரும் திறக்கவில்லை.

திறந்திருந்தால் நன்றாயிருக்கும். அவருக்கு அப்போதே தலை லேசாகச் சுற்றியிருக்கிறது, சொல்லவில்லை. குகையை விட்டு முதுகு போன்ற பாறை விளிம்பில் ஏறும்போது காற்று பிடித்துத் தள்ளியது. "வியர்க்கவே இல்லை, சுகமாயிருக்கிறது" என்றார். வறண்ட மலையின் சூழ்ச்சி இதுதான். வியர்வை சுரந்த கணமே காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. எவ்வளவு தண்ணீரை இழந்தோம் என்பது தெரிவதில்லை. கீரிப்பாறையில் சட்டை நனைந்து எச்சரிக்கை செய்யும். இங்கே சட்டை பொய் சொல்லும். பத்து நிமிஷத்தில் அவருக்குக் கெண்டைக் கால் இழுத்துக்கொண்டது. முகம் வெளுத்தது. "கண் இருட்டுகிறது" என்று முனகினார். கையெட்டும் தூரத்தில் பாறை முடிந்து, கீழே வெறும் ஆகாயம்.

பாட்டா அலறவில்லை. நண்பரின் இடுப்பைப் பிடித்து, பின்பக்கமாகவே நாலடி இறக்கி, ஒரு பாறை நிழலில் படுக்க வைத்தார். காலைப் பையின் மேல் தூக்கி வைத்தார். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார். குப்பித் தண்ணீரில் கருப்பட்டியை நொறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி, மடக்கு மடக்காகக் கொடுத்தார். மொத்தமாகக் கேட்டபோது கொடுக்கவில்லை.

கால் மணியில் நண்பர் முகத்தில் ரத்தம் வந்தது. உடனே, "வாருங்கள், இன்னும் கொஞ்ச தூரம்தானே!" என்று எழுந்தார்.

"அவிய ஏற மாட்டாவ" என்றார் பாட்டா என்னைப் பார்த்து. "நான் கூட இருக்கேன். நீங்க போணும்னா போங்க. அரை மணிக்கூர். அந்தக் கல்லை விட்டு நெழலு வெலகுகதுக்குள்ள இங்க நிக்கணும். உச்சி எட்டலேன்னாலும் திரும்பீரணும்."

நண்பர் பேசாமல் காமிராவைப் பையில் வைத்து மூடினார். உச்சிக்குப் போகும் ஆசை முதலில் அவருடையது. திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

கடைசி ஏற்றத்தில் எதிரே ஒரு பக்தர் கூட்டம் இறங்கி வந்தது. குரங்குகள் இரண்டு என் குப்பியை மிகுந்த மரியாதையோடு பார்த்தன. பன்னிரண்டாவது நிமிஷம் உச்சி, அனுமார் சந்நிதி. கார்த்திகைத் தீபம் ஏற்றுகிற மலை இது.

தெற்கே கடல். அதில் 1970-ல் எழுந்த விவேகானந்தர் மண்டபம். பக்கத்துப் பாறையில் 2000-ஆம் ஆண்டு முதல் தேதி திறந்த 133 அடி வள்ளுவர், சோழி அளவு. கீழே வயலும் குளமும் தென்னையும், சுசீந்திரம் கோபுரம், மணக்குடியில் பழையாறு கடலோடு சேருமிடம். வடகிழக்கே காற்றாடிகள். வடமேற்கே, கீரிப்பாறை இருக்கும் திசையில், மலைகள் கழுத்து வரை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நின்றன. என் தலைக்கு மேல் ஒரு பஞ்சு கூட இல்லை.

அங்கே நான் இருந்தது ஆறு நிமிஷம். உச்சியிலிருந்து எடுத்த படம் இந்தப் பக்கத்தில் ஏன் இல்லை என்று கேட்கும் வாசகர்களுக்கு இதுதான் பதில்.

திரும்பியபோது நிழல் கல்லை விட்டு விலகவில்லை. ஒரு சாண் பாக்கி. நண்பரை நடுவில் விட்டு இறங்கினோம். செங்குத்தான இடங்களில் ஏணியில் இறங்குவது போலப் பாறையைப் பார்த்தபடியே இறங்கச் சொன்னார் பாட்டா. ஏறியதை விட அதிக நேரம் பிடித்தது. படிகள் வந்த பிறகுதான் அவர் தம் பங்குக் குப்பியைத் திறந்தார். அதுவரை ஒரு சொட்டு குடித்திருக்கவில்லை.

சாலையோரக் கடையில் நண்பர் பெஞ்சியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"வெள்ளம்" என்றார் நண்பர்.