சிலிண்டர் போட்ட வட்டம்

உங்கள் வீட்டுச் சமையலறையில் காஸ் சிலிண்டர் நிற்கும் இடத்தை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். சிமெண்டுத் தரையில் துருவினால் போட்ட ஒரு வட்டம் வருஷக்கணக்காக அங்கே குடியிருக்கும்.

சென்ற வருஷம் மயிலாப்பூரில் நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்தபோது, எங்கள் சமையலறையிலும் அப்படி ஒரு வட்டம் இருந்தது. அதற்குத் துணையாக, எண்ணெய் ஜாடி வைத்திருந்த மூலையில் கன்னங்கரேலென்று ஒரு கறை. வீட்டுக்கார அம்மாள் சாவி வாங்க வரும்போது மூக்குக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டுதான் வருவாள். அட்வான்ஸ் பணத்தில் கை வைத்துவிட்டால் என்ன செய்வது?

"ஆயா, எதைப் போட்டாவது இதைப் போக்கிடுங்க" என்று எங்கள் வீட்டு வேலைக்கு வரும் ஆயாவிடம் சொல்லிவிட்டு, நான் கூடத்தில் கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

எதைப் போட்டாவது! அந்த இரண்டு வார்த்தைகளை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆயா குளியலறை கழுவும் ஆசிட்டை எடுத்து ஊற்றினாள். தரை நுரைத்துப் பொங்கியது. அதைப் பார்த்தால் கறை போகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பொங்கியது கறை அல்ல, தரை! சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை ஆசிட் தின்றுகொண்டிருந்தது. எண்ணெய்க் கறையோ அசையவில்லை. இது போதாது என்று, அதன் மேலேயே ஆயா பிளீச்சிங் பவுடரைத் தூவினாள்.

எனக்குக் கேட்டது இருமல்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அன்று இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

"இரண்டையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும் என்று வீட்டில் ஒருவருக்குமா தெரியாது?" என்று கேட்டார் டாக்டர்.

தெரியும். நான் கல்லூரியில் ரசாயனம் படித்தவள். 1915-ல் ஜெர்மானியர் போர்க்களத்தில் விட்ட விஷவாயு அதுதான் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

மறுநாள் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவினேன். பிறகு கறையோடு நானே உட்கார்ந்தேன். சிமெண்டு பார்வைக்குத்தான் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். சிந்திய எண்ணெயை எல்லாம் அது குடித்து வைத்திருக்கிறது. மேலே தேய்த்து என்ன பயன்? குடித்ததை அது கக்க வேண்டும்.

சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, சாக்பீஸ் பொடியைப் போட்டு, வடை மாவு பதத்துக்குக் குழைத்தேன். (ரப்பர் கையுறை அவசியம்.) கறையின் மேல் அரை அங்குல கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடி வைத்தேன். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டேன். சோடா எண்ணெயை இளக்குகிறது. காயும்போது பொடி அதை உறிஞ்சிக்கொள்கிறது. சுரண்டி எடுத்தபோது வெள்ளைப் பொடி பழுப்பாகியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே! மூன்று தடவை செய்ததில் கறை நிழலாக மங்கிவிட்டது.

துருவுக்கு எலுமிச்சம்பழச் சாறு. பத்து நிமிஷம் ஊறவிட்டு, தென்னை நாரால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கு மேல் ஊற விடாதீர்கள், எலுமிச்சையும் அமிலம்தான். பழைய காலத்துச் சிவப்புக் காவித் தரை என்றால், முதலில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பே துருவுக்கு உறவு முறைதான்! மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் இரத்தச் சிவப்பாகும். பயப்பட வேண்டாம், வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

வீட்டுக்கார அம்மாள் வந்தாள். கறைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆசிட் தின்று சொரசொரப்பாகிவிட்ட இடத்துக்குத்தான் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டாள்.

சாமான்களை ஏற்றும் அன்று ஆயாவும் வந்திருந்தாள். குனிந்து அந்த மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"வெறும் சாக்பீஸு பொடியா போக்கிச்சு?"

"ஆமாம், ஆயா."

"இத்த மொதல்லியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.