துஆவும் சாவியும்

எம் மகன் பதினெட்டு வயதை எட்டிப் பழகுநர் உரிமமும் பெற்றான். ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தோம். வாகனத்தில் ஏறுங்கால் ஓதும் துஆவை மனனம் செய்வித்துச் சாவியைத் தந்தோம். வண்டியை நிறுத்தும் முறையைக் கற்பித்தோமில்லை.

மூன்றாம் நாள், மணல் படிந்த தெருமுனையில் திரும்புகையில் முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தான். சக்கரம் வழுக்கிற்று, மணிக்கட்டு முறிந்தது. தலைக்கவசம் அணிந்திருந்தமையால், அல்லாஹ் பேராபத்தினின்று காத்தான்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உண்டு. ஆண்டுதோறும் அதனைப் பாடம் நடத்தும் நாமே கட்டாமல் விட்டோம்!

கை குணமானதும், எம்மிடம் ஓதிய மாணவரொருவர் எம் மகனுக்கு உஸ்தாதானார். சுபுஹுத் தொழுகைக்குப் பின் வெற்றுத் திடலில் பயிற்சி. முதலில் எஞ்சினை இயக்காமலே வண்டியைத் தள்ளி, அதன் எடையையும் பிரேக்கின் பிடியையும் உணரச் செய்தார். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கையில், இரு பிரேக்குகளையும் சீராக அழுத்தி வேகம் தணிக்கப் பழக்கினார். பிறகு எட்டு வடிவில் மெல்ல ஓட்டுவித்தார். “பள்ளத்தைப் பார்க்காதே, போக வேண்டிய வழியைப் பார்” என்பார். பார்வை செல்லுமிடத்திற்கே வண்டியும் செல்லுமாம். ஓரத்தில் அமர்ந்து நாமும் மாணவரானோம்.

பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வு என்கிறது சட்டம். அந்நாட்கள் வெறுமனே காத்திருப்பதற்கல்ல, பழகுவதற்கே.

பெற்றோர்களே! துஆவை முதலில் கற்பியுங்கள். சாவியைக் கடைசியில் கொடுங்கள். இடையில் உள்ளதே நம் கடமை.