சென்னையில் உங்களுக்கென்று ஒரு ஊர்

நம் ஜெகதளாவிலிருந்து யாராவது சென்னைக்குக் கிளம்பினால், என் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, "அங்கே எங்கே போகலாம், என்ன பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. முப்பத்தோரு வருடம் அந்தப் பட்டணத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் ஆயிற்றே!

கல்யாணம், ஆஸ்பத்திரி என்று இரண்டே நாளில் திரும்புகிறவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. வேலையை முடித்துக்கொண்டு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் போதும். ஆனால் மகன் வீடு, மகள் வீடு என்று மூன்று மாதம், ஆறு மாதம், சில சமயம் நிரந்தரமாகவே போகிறவர்கள் இப்போது நம் ஹட்டிகளில் பெருகிவிட்டார்கள். 1870 முதல் சென்னை அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு ஏறி வந்தது. இன்று வயதான காலத்தில் நாம் கீழே இறங்குகிறோம். அப்படி இறங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. வயது எழுபத்தொன்று. அண்ணி காலமான பிறகு மகன் அழைத்துக்கொண்டு போனான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒன்பதாவது மாடியில் வீடு. நல்ல பையன், நல்ல மருமகள், ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே தினமும் சாயங்காலம் அருவங்காடு பஜார் வரை நடந்து, நாலு பேரிடம் பேசி, பேப்பரைப் புரட்டிவிட்டு வந்த மனிதர் அவர். "தம்பி, இங்கே லிப்டில் நிற்கிறவர்கள்கூட முகத்தைப் பார்ப்பதில்லை" என்று போனில் சொன்னார். மூன்றாவது மாதத்தில் பேச்சே குறைந்துவிட்டது. நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்த மனிதர், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் தனியாகத் திரும்பப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். மகன் என்னைக் கூப்பிட்டு, "சித்தப்பா, நீங்கள் கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றான்.

மார்கழியில் பத்து நாள் போய் இருந்தேன். அண்ணனுக்கு நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. தினம் காலையில் ஒரு பேட்டைக்கு அழைத்துப் போனேன், அவ்வளவுதான்.

சென்னையை ஒரே ஊராகப் பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். உண்மையில் அது பல ஊர்களை ஒரே கோணியில் கட்டிய மூட்டை. கும்பினிக்காரர்கள் 1639-இல் கடலோரம் இடம் வாங்கிக் கோட்டை கட்டுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் தனித்தனி ஊர்களாக இருந்தவை. கோயில், குளம், மாட வீதி, சந்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடு உண்டு. நம் ஹட்டிக்கு இருப்பதுபோலத்தான்.

இவற்றில் பலவற்றை இணைப்பது பறக்கும் ரயில். அண்ணன் வீட்டிலிருந்து திருவான்மியூர் நிலையம் ஆட்டோவில் கொஞ்ச தூரம். அங்கிருந்து கோட்டூர்புரம், மந்தைவெளி, திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை என்று வரிசையாக வரும். நம் மலை ரயிலில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வருகிறதல்லவா, அதே மாதிரி. நிலையங்களில் படிகள் அதிகம், சில இடங்களில் ஆள் நடமாட்டமும் குறைவு. ஆகவே பகலிலேயே போய்வருவது நல்லது.

முதல் நாள் திருவல்லிக்கேணி. ரயிலை விட்டு இறங்கியதும் பக்கிங்காம் கால்வாயின் வாடை மூக்கைப் பிடிக்க வைக்கும். அதைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் பார்த்தசாரதி கோயில். மூலவருக்கு மீசை உண்டு, நின்று பாருங்கள். கோயிலுக்கு அருகில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. 1921-இல் இந்தக் கோயில் யானைதான் அவரைத் தள்ளியது. அதே வருடம் செப்டம்பரில் இந்த வீட்டிலேயே காலமானார். கணித மேதை ராமானுஜன் குடியிருந்ததும் இந்தப் பேட்டையில்தான். கொஞ்சம் தள்ளி நெடுஞ்சாலையில், ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல். ரம்ஜான் மாதத்தில் அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறுவது சிந்தி இந்துக்கள். ஒரே பேட்டைக்குள் இவ்வளவும் அடக்கம்.

கடற்கரைப் பக்கம் போனால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்க 1842-இல் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். "நம் ஊரில் ஜனவரியில் புல்மேல் சும்மா விழுகிறது, இவர்கள் அதைக் காசு கொடுத்துக் கப்பலில் வாங்கினார்களா?" என்று அண்ணன் கேட்டார். பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள். காலை ஏழு மணிக்குப் போனால் வெயிலும் இல்லை, வண்டியும் குறைவு. தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். "ஊட்டி கேரட்" என்று கூவுகிறவரிடம் நின்று, அது நிஜமாகவே நம் ஊர் கேரட்தானா என்று அண்ணன் ஒடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். கடைக்காரருக்கும் அவருக்கும் கால் மணி நேரம் வாக்குவாதம். நான் தடுக்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடித்தோம். சர்க்கரைக்காரர்கள் பாதி டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லஸ் பக்கம் போர்த்துகீசியர்கள் 1516-இல் கட்டியதாகச் சொல்லப்படும் மாதா கோயில் இருக்கிறது. பழைய ஆட்கள் அதைக் காட்டுக் கோயில் என்பார்கள். இன்றைய லஸ் முனையைப் பார்த்துவிட்டு அங்கே காடு இருந்தது என்று நம்பக் கொஞ்சம் சிரமம்தான். மெட்ரோ வேலைக்காக அங்கங்கே தோண்டிவைத்திருப்பதால் பார்த்து நடக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுனுக்குத் தெம்பு இருக்கிற நாளில் மட்டும் போங்கள். உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-இல் முடிந்தது. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைமீது குண்டு போட்டதே, அதன் நினைவுக் கல் அந்த வளாகச் சுவரில் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று சொன்னது அங்கிருந்து வந்ததுதான். உள்ளே தெருக்களில் ஒரு சரக்குக்கு ஒரு தெரு: ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடௌன் தெருவில் துணி. தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள். ராசப்ப செட்டித் தெருவில் வள்ளலார் பாடிய கந்தகோட்டம்.

கொத்தவால் சாவடிக்குப் போனதும் அண்ணன் நின்றுவிட்டார். 1996-இல் கோயம்பேடு சந்தை திறக்கும்வரை சென்னைக்கே காய்கறி மொத்த வியாபாரம் இங்கேதான். அவருடைய அப்பா, என் பெரியப்பா, மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு அனுப்பிவிட்டு, "கொத்தவால் சாவடியில் விலை என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். அந்தப் பெயரை அறுபது வருடம் கேட்டவர், இடத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தார். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். நானும் அவசரப்படுத்தவில்லை.

தியாகராய நகரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1920-களில் பெரிய ஏரி ஒன்றைத் தூர்த்து உருவாக்கிய இடம் அது. ஜவுளிக் கூட்டம் வருவதற்கு முன், காலை எட்டு மணிக்குள் பனகல் பூங்காவில் நடந்துவிட்டு வந்துவிடுங்கள்.

எழும்பூரை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழும்பூர் ரயில் நிலையம் திறந்தது 1908-இல். நம் ரயில் ஊட்டியைத் தொட்டதும் அதே வருடம்தான். பாந்தியன் சாலையில் 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது (வெள்ளிக்கிழமை விடுமுறை). வெண்கலச் சிலைகளைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். நாம் கேட்டுப் பார்க்க வேண்டியது வேறொன்று. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ், அதாவது ஊட்டி பிரீக்ஸ் பள்ளிக்குப் பெயர் கொடுத்தவர், நம் மலைகளில் பழைய ஈமக் குழிகளைத் தோண்டி எடுத்த பொருட்கள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. மூடியின்மேல் எருமை உருவம் வைத்த மண்பானைகள் அதில் உண்டு. "நம் ஆட்கள் நமக்கு முன்னாலேயே இங்கே வந்து குடியேறிவிட்டார்கள்" என்றார் அண்ணன். அதே வளாகத்தில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம். தமிழ்ப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு மின்விசிறிக்கடியில் மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இனி சில நடைமுறை விஷயங்கள். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை, இரண்டு வேண்டாம். மலையில் பழகிய உடம்பு என்பதால் நமக்குத் தாகம் தெரிவதற்குள் வெயில் அடித்துவிடும். பத்தரை மணிக்குள் நிழலுக்குப் போய்விடுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சென்னை முகவரிச் சான்று இருந்தால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் கொடுக்கிறார்கள், பிள்ளைகளிடம் சொல்லி வாங்குங்கள். மகன் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். செல்போன் சார்ஜ் தீரும், காகிதத்துக்கு அந்தக் கவலை இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. எல்லாப் பேட்டையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள். அதே ரயில், அதே காப்பிக் கடை, அதே பெஞ்ச். நாலாவது தடவை கடைக்காரர், "என்ன சார், போன வாரம் காணோம்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நடையும். நம்மைக் காணோம் என்று கவனிக்க ஒரு ஆள் இருக்கிற இடம் எதுவோ, வயதானவர்களுக்கு அதுதான் நல்ல பேட்டை.

அண்ணன் திருவல்லிக்கேணியைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் தனியாகவே போய்வருகிறார். கடையில் அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி, கேட்காமலே வருகிறதாம். குளத்தருகே தினமும் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சினேகிதமாகியிருக்கிறார். பூட்டிய வீட்டுக்குத் தனியாக வரும் பேச்சு நின்றுவிட்டது. ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் தேயிலைக் காட்டு மூடுபனி கனவில் வருகிறது என்கிறார். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வந்தவர், முடிந்த மறுநாளே, "வியாழக்கிழமை அந்த மனிதர் காத்திருப்பார்" என்று டிக்கெட் எடுத்துவிட்டார்.

சென்னையில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்குத் தனி அறை, டிவி, ஏசி எல்லாம் செய்து கொடுக்கிறீர்கள், சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களை ஒரு தெருவுக்கு அழைத்துப் போங்கள். அடுத்த வாரமும் அதே தெருவுக்குப் போங்கள். மூன்றாவது வாரம் அவர்களே செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நிற்பார்கள்.