உ, ம, ம, ஆ

கைபேசியில் படம் பார்க்கும்போது, அடுத்த படத்துக்கு விரலை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கள் சாச்சி, அதாவது சின்னம்மா, என்னை யோசிக்க வைத்துவிட்டார். சிங்கப்பூரிலிருந்து பேரன் அனுப்பிய கல்யாணப் படங்களைத் திறந்து கையில் கொடுத்தால், முதல் படத்தைப் பார்த்து முடித்ததும் விரலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகத் தள்ளுகிறார். படம் நகராது. மறுபடியும் அதே பக்கம்தான் தள்ளுவார். வீட்டுப் பிள்ளைகள் திருத்திக் காட்டுவார்கள். இரண்டு படம் சரியாகப் போகும், அப்புறம் விரல் பழைய வழிக்கே திரும்பிவிடும்.

வயதின் தடுமாற்றம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு வயதில் கற்ற பாடத்தை அந்த விரல் இன்னும் மறக்கவில்லை. சாச்சி முதன்முதலில் புரட்டிய புத்தகம் குர்ஆன். அதில் அடுத்த பக்கம் இடப்பக்கம் இருக்கும். ஏட்டை வலப்பக்கமாகப் புரட்ட வேண்டும். அவரைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஓதலை நிறுத்தவில்லை.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தெருப்பெண்கள் சிலர் கைபேசியோடு வந்து உட்காருவார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். அரசாங்கம் இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் என்று பெயர். 2017-ல் தொடங்கி 2024 மார்ச் வரை நடந்தது. வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி, முடிவில் ஒரு தேர்வு. கோடிக்கணக்கானவர்கள் படித்தார்கள், நல்ல காரியம்தான். ஆனால் வயது வரம்பு 14 முதல் 60. கிராமங்களுக்கு மட்டும். எங்கள் ஊரான நாகூர், நாகப்பட்டினம் நகராட்சிக்குள் இருக்கிறது. ஆகவே சாச்சியைப் போன்றவர்கள் ஊராலும் தகுதி இழந்தார்கள், வயதாலும் தகுதி இழந்தார்கள். ஓய்வூதியம், ரேஷன், வங்கி, மருத்துவமனைச் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் கைபேசிக்கு ஓர் எண் வருகிற காலத்தில், அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று ஒரு வரம்பை யார் எழுதினார்களோ, அவர்கள் தங்கள் உம்மாவை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பெண்களை 'எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்' என்று சொல்லிப் பாடம் தொடங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் ஒரு கடிதம்.

என் உம்மாவின் உம்மா பினாங்கிலிருந்த தன் கணவருக்கு எழுதியது அது. பாட்டனார் சபராளி, கடல் கடந்து பிழைக்கப் போனவர். நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த ரஜூலா கப்பலில் போய், கடைசியில் அதே கப்பலில் திரும்பி வந்தவர். வரும்போது கொண்டுவந்த தகரப் பெட்டியில், மனைவி எழுதிய கடிதங்கள் சிலவும் இருந்தன. ஒன்று என்னிடம் இருக்கிறது. கோடு போடாத மெல்லிய தாள். ஊதா மை. மடித்த இடங்களில் தாள் இற்று, எழுத்து பாதியாக நிற்கிறது. பார்த்தால் அரபுக் கடிதம். வலமிருந்து இடமாகப் போகிற வரிகள், மேலும் கீழும் குறிகள். வாய்விட்டுப் படித்தால் கேட்பது தமிழ். எங்கள் தெருத் தமிழ்.

அரபுத் தமிழ் என்று அதைச் சொல்வோம். அர்வி என்றும் சொல்வதுண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், கடலுக்கு அப்பால் இலங்கையின் கரை ஊர்கள் என்று பல நூற்றாண்டுகள் வழங்கிய எழுத்து முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்திலேயே கூடுதலாகப் புள்ளி வைத்து வேறு எழுத்து செய்துகொண்டார்கள். எ, ஒ என்ற உயிர்களுக்கும் தனிக் குறி கண்டுபிடித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19-ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்தில் எழுதிய மார்க்க நூல்கள் வீடு வீடாக இருந்தன. ஆலிம்களுக்கு அது நூல் எழுத உதவியது. பெண்களுக்கு அதைவிடப் பெரிய உதவி ஒன்று செய்தது.

பாட்டிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குர்ஆன் ஓதத் தெரியும். 'அலிபுக்கு ஜபர் அ, அலிபுக்கு ஜேர் இ, அலிபுக்குப் பேஷ் உ' என்று அரபு எழுத்தோடு உயிர்க்குறிகளைச் சேர்த்துச் சிறுவயதில் பாடிப் பாடிப் படித்தது. அந்த ஒரே கல்வியை வைத்துக்கொண்டு கடல் தாண்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் நடுவில் ஒரு செய்தி இருக்கிறது. போன முறை அனுப்பிய பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை, இனிமேல் உங்கள் தம்பி பெயருக்கு அனுப்ப வேண்டாம், என் வாப்பா பெயருக்கு அனுப்புங்கள், இதை நான் எழுதினேன் என்று உங்கள் உம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். பணத்தொகையை மட்டும் எண்ணில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோட்டில் பேனா அழுந்தி, தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் எழுதத் தெரியாத பெண்ணுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க ஆள் உண்டு. மைத்துனர் எழுதுவார், அல்லது தெருவில் ஒரு பெரியவர் எழுதுவார். கொழுந்தன் பணத்தை எடுத்துக்கொண்டான் என்ற செய்தியை அந்தக் கொழுந்தனையே வைத்து எழுத முடியுமா? பாட்டிக்கு எழுத்து கொடுத்தது கணவரோடு நடுவில் ஆள் இல்லாமல் பேசும் உரிமையை. அந்தக் கடிதத்தை ஓதி முடித்தபோது, எழுத்து எதற்கு என்று என் பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொன்ன காரணங்களெல்லாம் இதற்குப் பின்னால்தான் என்று எனக்குப் பட்டது.

இந்த ஊர்ப் பெண்களுக்கு எழுத்தின் மேல் இருந்த வேட்கை சாதாரணமானது இல்லை. 1917-ல் இங்கே பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். 1938-ல் அவருடைய 'காதலா? கடமையா?' நாவல் உ.வே.சாமிநாதையரின் முன்னுரையோடு வெளிவந்தது. மூன்றாம் வகுப்புக்கும் உ.வே.சா. முன்னுரைக்கும் இடையில் அவர் தனியாக நடந்த தூரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். கூட யாராவது கைபிடித்து நடந்திருந்தால் இன்னும் எத்தனை ஜுனைதாக்கள் வந்திருப்பார்கள்!

இன்றைக்கு பினாங்குக் கடிதம் கிடையாது. பேரன் வாட்ஸ்அப்பில் எழுதுகிறான். தமிழைத்தான் எழுதுகிறான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். பாட்டி அரபு எழுத்தில் தமிழ் எழுதினார், கொள்ளுப்பேரன் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுகிறான். இரண்டு பேரும் தங்களுக்குப் பழகிய எழுத்தில் வாய்மொழியை வைத்தார்கள். அதனால் அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சாச்சிக்கு அது படிக்க வராது. ஆகவே குரல் பதிவு அனுப்புகிறான், சாச்சியும் மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்புகிறார். எல்லோரும் இதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பேசத் தெரிந்தால் போதுமே, எழுத எதற்கு என்கிறார்கள்.

குரல் பதிவை வீடே கேட்கிறது. சாச்சிக்குக் காது மந்தம். ஒலியைக் கூட்டித்தான் வைப்பார். பேரன் என்ன சொன்னான், மருமகளைப் பற்றி என்ன சொன்னான், எவ்வளவு அனுப்பினான், எல்லாம் தாழ்வாரம் வரை வரும். பதில் பேசும்போதும் பக்கத்தில் மருமகள் இருக்கிறாள். அதனால் சாச்சியின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நல்லா இருக்கேன் வாப்பா, நீ நல்லா இரு." பாட்டி கடிதத்தில் எழுதிய அளவுக்குக்கூட சாச்சியால் இன்று எழுத முடியவில்லை. வங்கியிலிருந்து எண் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டுகிறார். பையன் நல்லவன். ஆனால் எந்நேரமும் ஒரு நல்லவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிலை நல்ல நிலையா?

ஊருக்கே சொல்ல வேண்டிய செய்தி வேறு. புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அறிவு மையங்கள் நடத்தியது. கணினி முன் உட்கார்ந்தவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். அங்கேதான் முதன்முதலாகக் கணினியைத் தொட்டவர்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரக் கணிப்பை இணையத்தில் எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கடல் பொங்குகிறது, ஓடுங்கள் என்று சொன்னவர் அந்த ஊர் மீனவரின் மகன். மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிர் தப்பியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்த நாள் அது. எங்கள் ஊரிலிருந்தும் எத்தனையோ பேர் சிங்கப்பூரில் இருந்தார்கள். அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் அந்த ஒலிபெருக்கி என் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட செய்திக்கு ஒலிபெருக்கி வேண்டும். கொழுந்தன் பணத்தை எடுத்த செய்திக்கு எழுத்து வேண்டும். இணையம் இரண்டையும் தர முடியும். நாம் முதியவர்களுக்கு முதலாவதை மட்டும் கொடுத்து நிறுத்திவிடுகிறோம்.

தாழ்வாரத்தில் முதலில் ஆங்கில எழுத்துப் பலகையில் தொடங்கினோம். யாருக்கும் பிடிக்கவில்லை. 'அம்மா' என்று எழுத ஏ, எம், எம், ஏ, ஏ என்று வேறொரு மொழியின் நெடுங்கணக்கைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பிறகு தமிழ்99 பலகைக்கு மாறினோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுத்த பலகை அது. முத்து நெடுமாறனின் செல்லினம் செயலியில் இருக்கிறது. அந்தச் செயலி 2005-ல் சிங்கப்பூரில்தான் வெளியானது. நாகூர்க்காரர்கள் பணமும் துணியும் அனுப்பிய ஊரிலிருந்து எழுத்தும் வந்தது எங்கள் பெண்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தப் பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். நடு வரிசையில் அ, இ, உ. நேர் மேலே ஆ, ஈ, ஊ. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். ககரத்துக்குப் பின் இகரம், 'கி'. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் சாச்சி பாடத் தொடங்கிவிட்டார்: "கானாவுக்கு ஜேர் கி, கானாவுக்குப் பேஷ் கு!" எழுத்தையும் குறியையும் சேர்த்து ஒலியாக்குவது அவர் ஏழு வயதில் முடித்த பாடம். தமிழ் எழுத்துகளின் உருவம் இரண்டாம் வகுப்பிலிருந்து மங்கலாக நினைவில் இருந்தது. சேர்க்கும் முறை விரலில் ஏற்கெனவே இருந்தது. இரண்டாம் வகுப்பு என்று கணக்கில் எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஓதல் பள்ளி எங்கே போயிற்று?

உ, ம, ம, ஆ. நான்கு தட்டு. 'உம்மா' என்று திரையில் வந்தது. வ, ஆ, ப, ப, ஆ, 'வாப்பா'. மற்றவர்களும் எட்டிப் பார்த்து, அவரவர் கைபேசியில் தட்டினார்கள். ஒருவருக்கு 'உமமா' என்று வந்தது. நடுவில் அகரத்தைத் தட்டியிருந்தார். ஏன் புள்ளி விழவில்லை என்று அவரே கண்டுபிடிக்கும்வரை நான் அவர் கைபேசியைத் தொடவில்லை. இளையவர்கள் சொல்லிக் கொடுக்கும்போது எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான். "கொடுங்க, நான் போட்டுத் தர்றேன்" என்று பிடுங்கிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கற்பது விரல், அந்த விரலைத்தான் ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்தக் கரையில் இந்த வேலைக்கு முன்னோடி இருக்கிறார். அதிராம்பட்டினத்து உமர்தம்பி. வளைகுடாவில் வேலை பார்த்தவர். தமிழ்க் கணினிக்காக 'தேனீ' போன்ற எழுத்துருக்களும் கருவிகளும் செய்து, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தார். 2006-ல் காலமானார். ஒரு நாள் அவரைப் பற்றித் தாழ்வாரத்தில் சொன்னேன். அவருக்காக எல்லோரும் துஆ கேட்டார்கள்.

இப்போது சாச்சி நான்கைந்து சொல் எழுதுவார். மெதுவாகத்தான். படங்களை இன்னும் வலப்பக்கம்தான் தள்ளுகிறார். அதைத் திருத்துவதை நான் விட்டுவிட்டேன். 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். மின்னஞ்சல் சொல்லித் தரட்டுமா என்று போன வாரம் கேட்டேன். யாருக்கும் ஆர்வமில்லை. சாச்சி கைபேசியை என் மடியில் வைத்துக் கேட்டார்:

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்மா. இதை எப்புடிப் பூட்டுறது, அதச் சொல்லு."

ஆறு இலக்கம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பிறந்த தேதி வேண்டாம், வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த எண் எதுவும் வேண்டாம் என்றேன். மற்றவர்களும் தங்கள் கைபேசியை எடுத்தார்கள். எண்ணைத் தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று சாச்சி சொன்னார், திருப்பிக்கொண்டேன். அடுத்த பாடம் என்ன என்பதையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: அனுப்பிய செய்தியை இரண்டு பக்கமும் அழிப்பது.