பின்சீட்டுக்கு அடியில் ரெண்டு பைப்

பைக்கில் லடாக் போகிறேன் என்று ஒரு பையன் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் பயப்படுவது மூன்று விஷயத்துக்கு: ஆக்சிஜன், பனி, பள்ளத்தாக்கு. பின்சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ரெண்டு இரும்பு பைப்பை நினைத்து எந்த அம்மாவும் தூக்கம் கெட்டதில்லை. பி.காம். படித்துவிட்டு கடன் பைல் புரட்டுகிற எனக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, போன வருஷம் வரைக்கும்.

அக்கா பையன் எங்களோடுதான் மர்பி டவுனில் இருக்கிறான். ஐ.டி. வேலை, ஜூன் மாதம் ரெண்டு நண்பர்களோடு மணாலி-லே பயணம், அதற்காகவே ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி. பாளையங்கோட்டையில் இருந்து அக்கா போன் பண்ணினாள். "ஏல தம்பி, போவாதன்னா கேக்க மாட்டான். நீ பாத்து சரின்னு சொன்னா போட்டும். சரியில்லன்னா விட்டுராத." அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்கு இவன் ஒருத்தன்தான். ஆக, சாங்ஷன் பண்ண வேண்டிய அதிகாரி நான்!

கடன் கேட்டு வந்தவரிடம் கேட்கிற மாதிரி முதலில் விவரம் கேட்டேன். "மாப்ளே, எவ்ளோ வெயிட் ஏத்தப் போற?" அவனுக்குத் தெரியவில்லை. பாத்ரூம் தராசை ஹாலுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்தோம். சைடு பை ரெண்டும் 18 கிலோ. சீட்டுக்குப் பின்னால் கட்டுகிற பை 9. டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் 5. டூல்ஸ், ட்யூப் மூன்றரை. கேனில் 10 லிட்டர் பெட்ரோல், கேனோடு எட்டரை. மொத்தம் 44 கிலோ. அதைத் தாங்க அவன் வாங்கி வைத்திருந்த இரும்பு கேரியரே 7 கிலோ! எல்லாம் பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்கும் பின்னாலேயும்.

பெட்ரோல் எதற்கு என்று கேட்காதீர்கள். மணாலியில் இருந்து லே போகிற வழியில் தாண்டி என்ற ஊர் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதியிருந்த பலகை பைக் ஓட்டுகிறவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். இவன் வண்டி டேங்க் 12 லிட்டர். பாரம், ஏற்றம், முதல் கியர், ரெண்டாவது கியர் என்று போனால் என்ன மைலேஜ் கிடைக்கும்? பையன் கேன் கொண்டு போவதில் தப்பில்லை. அதை எங்கே மாட்டுகிறான் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஏரியாவைப் பற்றி ரெண்டு வரி. அல்சூருக்குப் பக்கத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டின பகுதி. ஒரு காலத்தில் நாக்ஸ்பேட். இங்கே குடியிருப்புகளை வடிவமைத்த மர்பி என்ற இஞ்சினியர் பெயர் பின்னால் வந்தது. 1809-ல் வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் போட்டதில் இருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கிற பக்கம். அதனால் ஊரை விட்டு 600 கிலோமீட்டர் தள்ளி வந்தும் கறிக்கடையிலும் பட்டறையிலும் தமிழிலேயே சண்டை போடலாம் :-)

அப்படி ஒரு பட்டறை எங்கள் தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. மேஸ்திரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சாமான் லிஸ்ட்டைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா சார், வூடு காலி பண்ணிக்கினு போறாரா தம்பி?"

பிறகு அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பழைய புல்லட் மாதிரி வண்டிகளில் பின்னால் ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் இருக்கும். அதன் மேல் முனை சீட்டுக்கு அடியில் பைப்பில் மாட்டியிருப்பதால் அந்த பைப்புக்கு ஒரு முட்டுக் கொடுத்த மாதிரி. (குழியில் விழுகிற அடி நேராக அங்கேதான் ஏறும், அது வேறு கதை.) இப்போது வருகிற மோனோஷாக் வண்டிகளில் ஷாக் நடுவில், சீட்டின் முன்பக்கத்துக்கு அடியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது அந்தரத்தில் நிற்கிறது, வீட்டு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு மாதிரி. ரெண்டு பூந்தொட்டி வைக்கலாம். தண்ணி டிரம் வைத்தால்?

எடையை விட தூரம் முக்கியம். பைப் மெயின் ஃபிரேமோடு சேருகிற இடத்தில் இருந்து ஒரு ஜாண் தள்ளி 9 கிலோ வைப்பதும் ரெண்டு ஜாண் தள்ளி வைப்பதும் ஒன்றில்லை; அந்த ஜாயின்ட்டில் வளைக்கிற விசை ரெண்டு மடங்கு. அதுவும் வண்டி நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்போது 9 கிலோ ஒரு நொடிக்கு 25, 30 கிலோ மாதிரி இழுக்கும். ஒரு அடியில் எதுவும் முறியாது. ஆயிரக்கணக்கான சின்ன அடிகளில், வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு விழும். அது மெதுவாக நீளும். 2004-ல் லண்டனில் இருந்து நியூயார்க் வரைக்கும் பைக்கில் போன நடிகர்கள் ஈவன் மெக்ரெகர், சார்லி பூர்மன் குழுவுக்கே வழியில் ஃபிரேம் முறிந்து உள்ளூர் வெல்டரிடம் போய் நின்றார்கள். அவர்களிடம் பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை. நம் பையன்களிடம் ஒரு கயிறும் ரெண்டு கேபிள் டையும்தான்.

மேஸ்திரி சீட்டைக் கழற்றி, வெல்டிங் இருக்கிற இடமெல்லாம் அழுக்குப் போகத் துடைத்தார். மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விட்டு, காயத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் பூசினார். உள்ளே இறங்கின மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் கோடு காட்டுமாம். இதையே மூன்று ஸ்பிரே டப்பாவாகவும் விற்கிறார்கள். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம் ஒரு வெல்டிங் ஓரத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சென்டிமீட்டருக்குக் கறுப்பாகக் கோடு எழும்பியது.

மருமகன் முகத்தில் ஈயாடவில்லை. முதல் ஓனர் பெரிய டாப் பாக்ஸ் மாட்டி ஓட்டியிருந்தாராம். எனக்கோ அக்காவின் குரல் காதில்.

"மேல ஒரு பட்டியை வெச்சு பத்த வெச்சிடுங்க மேஸ்திரி," என்றான். அவர் கேட்கவில்லை. கோடு எங்கே முடிகிறதோ அந்த நுனியில் மூன்று எம்.எம். துளை போட்டார், விரிசல் அதற்கு மேல் ஓடாமல் இருக்க. விரிசலை 'வி' மாதிரி தோண்டி உள்ளே இருந்து பற்றவைத்தார். பேட்டரி வயரைக் கழற்றி, இ.சி.யூ. கனெக்டரை எடுத்து, டேங்க்கையும் இறக்கி வைத்த பிறகுதான் வெல்டிங் மெஷினைத் தொட்டார். எர்த் கிளாம்ப் வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இதைச் செய்யாமல் பற்றவைத்தால் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும் என்பதை உங்கள் ஊர் வெல்டரிடமும் சொல்லுங்கள்.

அதற்கு மேல் முக்கோணத் தகடு ஒன்று. அதன் முனையை மீன் வாய் மாதிரி வெட்டினார். ஏன் என்றேன். தகடு நேராக வெட்டின மாதிரி முடிந்தால் பலமான இடமும் பலவீனமான இடமும் ஒரே கோட்டில் சந்திக்கும், அடுத்த விரிசல் அங்கேதான். தடிமனாக இரும்பைப் போட்டு ஒரு இடத்தை மட்டும் பாறை ஆக்கினால் வலி பக்கத்து இடத்துக்கு மாறுகிறது, அவ்வளவே.

மிச்ச வேலையில் வெல்டிங்கே இல்லை, எல்லாம் போல்ட். இடது வலது பைப்பைச் சேர்த்து குறுக்கே ஒரு பைப். பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் இருந்து கேரியர் முனைக்குச் சாய்வாக ரெண்டு முட்டு. சன்ஷேடுக்கு அடியில் சாய்த்துக் கட்டை கொடுக்கிற அதே வித்தை. முக்கோணம் ஆனதும் வளைக்கிற விசை இழுவிசையும் அமுக்குவிசையுமாகப் பிரிந்துவிடுகிறது. 8.8 கிரேடு எட்டு எம்.எம். போல்ட், நைலாக் நட். முட்டுக்கு 19 எம்.எம். பைப்புக்குப் பதில் 22 எம்.எம். எடுத்தார். மூன்று எம்.எம்.தானே என்று நினைக்கவேண்டாம், அதே தடிமனில் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். அலுமினிய சப்ஃபிரேம் வண்டி என்றால் தொட்டிருக்கவே மாட்டாராம்.

போல்ட் என்றதில் எனக்கு வேறு நிம்மதி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5000 ரூபாய் அபராதம், சிறைக்கும் இடமுண்டு. உடைந்ததை ரிப்பேர் செய்வது வேறு, ஃபிரேமையே வெட்டி ஒட்டுவது வேறு. பின்னால் ஒரு கிளெய்ம் வந்தால் சர்வேயர் கேமராவோடு குனிந்து பார்ப்பார். பில்லை வாங்கி பைலில் வைத்தேன்.

ஆனால் மேஸ்திரி ஒரு நிபந்தனை போட்டார். இரும்பை எவ்வளவு ஏற்றினாலும் 44 கிலோ ஏற்றவிட மாட்டேன். டென்ட், ஸ்லீப்பிங் பேக் வெளியே. சர்ச்சு, பாங் பக்கமெல்லாம் சீசனில் கூடாரத்தில் படுக்க இடம் கிடைக்கிறது. பெட்ரோல் கேன் முன்பக்க கார்டில், பக்கத்துக்கு ஐந்து லிட்டர். (2016-ல் வந்த ஹிமாலயனில் கம்பெனியே டேங்க் பக்கத்தில் கேன் மாட்ட இடம் விட்டிருந்தது.) டூல்ஸ் இன்ஜினுக்குக் கீழே. சைடு பை ஒவ்வொன்றும் 7, பின் பை 4. ஏழு கிலோ கேரியரைத் திருப்பிக் கொடுத்து நாலரை கிலோவில் ஒன்று. ஆக பின்னால் சாமான் 18 கிலோ. நான் கடன் தொகையைப் பாதியாகக் குறைத்தபோது கஸ்டமர்கள் பார்க்கிற அதே பார்வை பையனிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 18 கிலோ மணலைப் பைகளில் கட்டி நந்தி மலைக்கும் ஓசூருக்கும் ஓட்டவிட்டோம். திரும்பி வந்ததும் மறுபடி மண்ணெண்ணெய், சாக்பீஸ். கோடு இல்லை. அன்று ராத்திரிதான் அக்காவிடம் சரி என்றேன்.

டேங்க்கில் சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்து ரயில் பார்சலில் வண்டி சண்டிகர் போனது. காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவு, 5300 மீட்டருக்கு மேல் தங்லாங் லா, எல்லாம் பார்த்துவிட்டு ஜூலை முதல் வாரம் திரும்பினான். நண்பர்களில் ஒருவனுக்குப் பாங் பக்கத்தில் கேரியர் கம்பி முறிந்து, சாமானில் பாதியை இவன் டேங்க் மேல் கட்டிக் கொண்டுவந்திருக்கிறான். "பின்னாடி கட்டல மாமா," என்றான் முதல் வேலையாக.

மேஸ்திரி சீட்டைக் கழற்றிப் பார்த்தார். வெல்டிங் அப்படியே இருந்தது. வலது முட்டின் போல்ட் துளை மட்டும் கொஞ்சம் நீள்வட்டம் ஆகியிருந்தது. புது போல்ட், ரெண்டு பக்கமும் கனமான வாஷர். காசு வேண்டாம் என்றார். அந்த இன்னொரு பையனை வண்டியோடு வரச்சொல்லி அனுப்பினார்.