கொப்பரையில் ஒளிந்த சர்க்கரை

தர்மபுரிப் பக்கம் சர்க்கரை நோய் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்து நிமிடத்தில் வெல்லத்தில் வந்து நிற்கும். "சீனியை விட்டாச்சு, இப்பல்லாம் வெல்லந்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். மாத்திரையை விழுங்கிய கையோடு வெல்லக் காபி குடிக்கும் பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வெல்லத்தில் கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். உருண்டை வெல்லம், ஆலைச் சீனி என்ற பேதமெல்லாம் ரத்தத்துக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், ரத்தச் சர்க்கரையை ஏற்றாத ஒரு சர்க்கரையும் காய்ச்சிய கரும்புச் சாற்றில் துளியளவு உண்டாகிறது. அதன் பெயர் அல்லுலோஸ். பழைய புத்தகங்களில் சைக்கோஸ். இயற்கையில் அரிதாகவே அகப்படுவதால் இதையும் டாகடோஸ் போன்ற இதன் உறவுகளையும் அரிய சர்க்கரைகள் என்கிறார்கள். கரும்பின் கழிவுப்பாகான மொலாசஸில் அது இருப்பது வெகு காலமாகத் தெரிந்த செய்திதான். நெடுநேரச் சூட்டில் பிரக்டோஸின் ஒரு சிறு பங்கு அல்லுலோஸாக மாறிவிடுகிறது. பிரித்தெடுத்தால் கட்டுப்படியாகாத அளவு என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடத்தூர் சந்தைக்கு வெல்லம் அனுப்பும் கொட்டகை ஒன்றில் உட்கார்ந்து ஒரு கொப்பரை காய்ந்து இறங்குவதை முழுதாகப் பார்த்திருக்கிறேன். காய்ந்த சக்கைதான் விறகு. சாறு கொதி வந்ததும் சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறார்கள். அழுக்கு கருப்பு நுரையாகத் திரண்டு மேலே வர வர, நீளக் கரண்டியால் அள்ளி வெளியே கொட்டுகிறார்கள். தண்ணீர் வற்றியதும் கொதிக்கிற சத்தமே மாறிப் போகிறது. பெரிய பெரிய குமிழ் சோம்பலாக எழும்பி உடைகிறது. கொட்டகைக்காரர் பாகைத் தொட்டுத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். வெப்பமானி வைத்திருந்தால் 118 டிகிரியை ஒட்டிக் காட்டியிருக்கும். அவருக்கு அது தேவைப்படவில்லை.

"வெட்டுன கரும்பு ரெண்டு நாள் வெயில்ல கிடந்துட்டா முடிஞ்சுது சார். வெல்லம் இளகிடும், உருண்டை நிக்காது" என்றார்.

அந்த இளக்கத்துக்குக் காரணம் இன்வர்டேஸ் என்ற நொதி. வெட்டிப்போட்ட கரும்புக்குள்ளேயே அது சுக்ரோஸை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடும். கொட்டகைக்காரருக்குச் சாபமான இந்த வேலைதான் கரும்பிலிருந்து அல்லுலோஸ் எடுக்க நினைப்பவருக்கு முதல் படி. உடைந்து வரும் குளுக்கோஸை இன்னொரு நொதியால் பிரக்டோஸாக்கலாம். மக்காச்சோள மாவிலிருந்து பிரக்டோஸ் பாகு எடுக்கும் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாகச் செய்வது இதைத்தான். பிரக்டோஸை அல்லுலோஸாக மாற்ற எபிமரேஸ் என்ற நொதி. பிரக்டோஸிலும் அல்லுலோஸிலும் அணுக்கள் ஒன்றே, எண்ணிக்கையும் ஒன்றே. மூன்றாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் மட்டும், பந்தியில் ஒருவர் எழுந்து எதிர்வரிசைக்குப் போய் உட்கார்ந்த மாதிரி, பக்கம் மாறியிருக்கும். அவ்வளவு சின்ன மாற்றத்தில் உடம்பு ஏமாந்துவிடுகிறது. குடல் உறிஞ்சினாலும் எரிபொருளாக்கத் தெரியாமல் பெரும்பகுதியைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது.

எபிமரேஸுக்கும் ஓர் எல்லை உண்டு. பிரக்டோஸில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு மாறியதும் வினை சமநிலைக்கு வந்து நின்றுவிடும். பிறகு பிசின் நிரப்பிய தூண்கள் வழியாகப் பாகைச் செலுத்தி இரண்டையும் பிரிக்க வேண்டும், மாறாததைத் திருப்பி அனுப்ப வேண்டும். விலை ஏறுவது இந்த இடத்தில்தான்.

எபிமரேஸ் வழியைத் திறந்தவர் ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கென் இசுமோரி. 1991-ல் வளாகத்துச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் எடுத்த மண்ணில், இந்தப் பக்க மாற்றத்தைச் செய்யும் நொதியுள்ள பாக்டீரியா அவருக்குக் கிடைத்தது. ககாவா இருக்கும் ஷிகோகு தீவு, கரும்புச் சர்க்கரையைக் கையால் பிசைந்து வசன்போன் என்ற மென்சர்க்கரை செய்யும் பழைய கரும்பு மண். என் மனதில் ஒட்டிக்கொண்ட செய்தி இதுதான். உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து அரிய சர்க்கரையைத் தங்கள் ஊர்ச் சரக்காகவே வளர்த்தெடுத்தார்கள்.

சீனியின் இனிப்பில் சுமார் 70 சதவீதம் அல்லுலோஸுக்கு உண்டு. சீனியில் கிராமுக்கு 4 கலோரி என்றால் இதில் 0.4 என்று கணக்கிட்ட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், லேபிளில் சர்க்கரைக் கணக்கில் இதைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2019-ல் சொன்னது. ஐஸ்கிரீம் கல்லாக உறையாமல் காக்கும். அடுப்பில் சீக்கிரமே சிவக்கும் என்பதால் பிஸ்கட், கேக்குக்குத் தோது. அதிகம் தின்றால் வயிறு பொருமும். நம் பலகாரத்துக்கு? அல்லுலோஸ் நன்றாகக் கரையும், லேசில் படிகமாகாது. கடலை உருண்டைப் பாகு இறுகுவதும் மைசூர்பாகு கட்டுவதும் சுக்ரோஸின் கைங்கரியம். அந்த இடத்தை இது பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. பாயசத்துக்கும் பால் இனிப்புக்கும் வரலாம்.

இந்தியாவில் அல்லுலோஸ் ஆய்வுக்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. மொஹாலியில் உள்ள மத்திய அரசு ஆய்வு மையத்தினர், வெந்நீர் ஊற்று நுண்ணுயிர்களின் மரபணுவிலிருந்தே சூடு தாங்கும் எபிமரேஸ் ஒன்றை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலோ பாலக்கோட்டில் ஒன்று, கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் ஒன்று என இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். மழை பொய்த்தால் அரவைக்குக் கரும்பு தேறாது. விளைந்தால் விலை தேறாது. பொதுவாக ஆலை மொலாசஸ் போய்ச் சேருவது எரிசாராயத்துக்கு. எபிமரேஸ் வந்தால் கரும்புக்காரர் வாழ்வு மாறிவிடும் என்று மேடையில் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. மக்காச்சோளப் பாகு மலிவு, தூண்களுக்கு முதலீடு பெரிது.

ஆனாலும் சந்தையில் இளகிய வெல்லத்தை வியாபாரி விரலால் அழுத்திப் பார்த்து விலையைக் குறைக்கும்போது ஓர் எண்ணம் வருகிறது. அந்த வெல்லத்தில் சுக்ரோஸின் ஒரு பகுதி ஏற்கெனவே உடைந்து பிரக்டோஸாகிவிட்டது. உருண்டை நிற்காதது எபிமரேஸுக்கு ஒரு குறையே இல்லை. அப்படித் தள்ளுபடியாகும் சரக்கில் நாலு மூட்டையை யாராவது ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கரைத்துப் பார்க்கலாம். வண்டிச் சத்தம் போக அதற்கு அதிகச் செலவு ஆகாது.