வயிற்றுக்குள் ஊதும் வாயுவும் புற்றுநோயும்

பதிவு கொஞ்சம் நீளம். பெண்பிள்ளைகள் அவசியம் படியுங்கள். ஆண்பிள்ளைகளும் படிக்கலாம், தப்பில்லை.

திண்டிவனத்தில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்குப் போன மாதம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்த சோதனையில் கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது. "பேர் போடாம எழுதுங்க அத்தை" என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன்.

வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் ஒரே கலவரம். அவள் மாமியாருக்கு முன்பு பித்தப்பைக் கல்லை நாலு ஓட்டை போட்டு எடுத்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "நம்மகிட்ட பணம் இல்லன்னுதானே கிழிக்கப் பாக்கறாங்க" என்றார் மாப்பிள்ளை. லேப்ராஸ்கோப்பி செய்யும் இடமாகப் பார்த்துப் போக நகையை அடகு வைக்கவும் தயார். விழுப்புரத்தில் எங்கள் தெருப் பெரியவர்களோ, "காத்து பட்டா புத்து பரவும், ஆபரேஷனே வேணாம்" என்றார்கள். நான் அறிவியல் பாடம் எடுத்தவள் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டேன், பிறகு தேடியும் படித்தேன்.

லேப்ராஸ்கோப்பியில் கேமராவும் கருவிகளும் நகர இடம் வேண்டுமே, அதற்காக வயிற்றை வாயுவால் பலூன் மாதிரி உப்ப வைக்கிறார்கள். "கேஸ்" என்றதும் மாப்பிள்ளை அடுப்பு கேஸ் என்று நினைத்துவிட்டார்! அது கார்பன் டை ஆக்சைடு. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதினால் பால்போல் ஆகுமே, வகுப்பில் செய்து காட்டினேனே, அதேதான். அது எரியாது, அதனால் உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தலாம். ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சில் வெளியே போய்விடும். அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம்தான்.

1990களில் பெருங்குடல் புற்றுநோயை இப்படி எடுத்த சிலருக்கு, ஓட்டை போட்ட இடத்திலேயே கட்டி முளைத்தது. டாக்டர்களே பயந்துபோனார்கள். கருவியின் ஓரமாகக் கசியும் வாயு, புகைபோக்கியில் புகை போவதுபோல் புற்று செல்களையும் இழுத்துக்கொண்டு வருகிறதோ என்று சந்தேகம். 48 மருத்துவமனைகளில் 872 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திறந்தும் ஒரு பாதிக்கு லேப்ராஸ்கோப்பியிலும் செய்து பார்த்தார்கள். 2004இல் முடிவு வந்தது. மூன்று வருஷத்தில் நோய் திரும்பியது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். காயத்தில் கட்டி வந்தது இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அதோடு பயம் அடங்கியது.

அதே தைரியத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கும் உலகம் முழுக்க லேப்ராஸ்கோப்பி, ரோபோ என்று போய்விட்டார்கள். 2008இல் பெட்ரோ ராமிரெஸ் என்ற டாக்டர் தலைமையில் பல நாடுகளைச் சேர்த்து அதையும் சோதித்தார்கள். எல்லாரும் ஆரம்ப நிலை நோயாளிகள், 631 பெண்கள். இரண்டும் சமம் என்று வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். வந்ததோ நேர்மாறு. திறந்து செய்த 312 பேரில் இறந்தவர்கள் 3 பேர், சிறுதுளையில் செய்த 319 பேரில் 19 பேர். ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்தி, 2018இல் வெளியிட்டார்கள். அந்த 19 என்ற எண்ணைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

காரணம் வாயுதானா? இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. கர்ப்பப்பையை அசைக்க உள்ளே விடும் கருவி கட்டியை நசுக்கி செல்களை உதிர்க்கலாம் என்கிறார்கள். வாயு நிரம்பிய வயிற்றுக்குள்ளேயே கட்டி இருக்கும் பாதையை அறுக்கும்போது செல்கள் சிதறலாம், அழுத்தமும் வாயுவும் அவை ஒட்டி வளர உதவலாம் என்றும் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் பின்னால் பழைய பதிவுகளைப் பார்த்தபோது, அந்தக் கருவியைப் பயன்படுத்தாதவர்களுக்கு முடிவு நன்றாகவே இருந்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில் கருவி மேல்தான் சந்தேகம் அதிகம், ஆனால் நான் டாக்டர் இல்லை.

எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லும் காற்று இது இல்லை. வெளிக்காற்று பட்டுப் புற்று பரவாது. அந்தப் பேச்சைக் கேட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

மாப்பிள்ளைக்கு இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "அப்ப ஏழைன்னு இல்லையா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். பணக்காரர் போனாலும் இந்த நோய்க்கு இன்று வழிகாட்டிகள் முதலில் சொல்வது திறந்து செய்வதைத்தான். நகை பீரோவிலேயே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பித்தப்பைக்கோ குடல்வாலுக்கோ லேப்ராஸ்கோப்பி வேண்டாம் என்று யாரும் கிளம்பாதீர்கள். குடல் புற்றுக்கும் அது நல்ல வழிதான். உங்கள் நோய்க்கு எது என்று டாக்டரிடமே கேளுங்கள், கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

பிள்ளைக்குத் தையல் பிரித்தாயிற்று. தழும்பு பெரிசுதான். இருமும்போது வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்கிறாள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. அவளைப் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மற்ற நாளில் தூங்கட்டும்.